சலூன்காரரின் பகல் தூக்கம்

ஆரம்பத்தில் எல்லோரும் அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். காதருகே ஓடிக்கொண்டிருந்த கத்தரி திடீரென நின்றுவிடும். நாற்காலியில் இருப்பவர் கண்ணாடியில் பார்த்தால், முடிவெட்டுபவர் நின்ற வாக்கில் தூங்கிக்கொண்டிருப்பார்.

"என்ன மாஸ்டர், வீட்டுல கட்டில் இல்லையா?"

திடுக்கிட்டு விழிப்பார், சிரிப்பார், விட்ட இடத்திலிருந்து வெட்டுவார்.

அவரோடு சேர்ந்து கடையை நடத்திய தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. மாஸ்டரின் மனைவிக்கும்தான். இரவெல்லாம் அடித்துப் போட்டாற்போல் தூங்கியும், பகலில் சோற்றில் கை வைத்தபடியே அவருக்குக் கண் சொக்கியது. சோம்பல் தலைக்கேறிவிட்டது என்று அவள் திட்டித் தீர்த்தாள்.

ஒருநாள் சவரம் செய்கையில் கத்தி வாடிக்கையாளரின் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அந்த ஆள் மூச்சுகூட விடவில்லை. தம்பிதான் பூனைபோல் வந்து அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்துக் கத்தியை விலக்கினான். கீறல்கூட இல்லை. ஆனாலும் அந்த ஆள் பாதிச் சவரத்தோடு, நுரையைக்கூடத் துடைக்காமல் வெளியேறிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மெஷின் இடியாய் இடிக்கும், பயப்படக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி உள்ளே அனுப்பினார்கள். முடிந்ததும் ஸ்கேன் எடுத்த பெண் வெளியே வந்தாள்.

"இந்தச் சத்தத்துல குறட்டை விட்ட ஆளை இப்பதாங்க பாக்கறேன்."

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. அன்று சிரித்தது அதோடு சரி.

டாக்டர் திரையில் படத்தைக் காட்டினார். மூளையில் அங்கங்கே வெள்ளைத் திட்டுகள். சில இடங்கள் வயதுக்கு மீறிச் சுருங்கியிருந்தன.

"இதனாலதான் தூக்கம் வருதா டாக்டர்?"

"இருக்கலாம். தூக்கக் கோளாறுதான் மூளையை இப்படி ஆக்குச்சோ, அதுவும் இருக்கலாம். எது முந்தின்னு உறுதியா சொல்ல முடியலம்மா."

"மருந்து?"

"முழிச்சிருக்க மாத்திரை தரேன். திட்டுக்கு ஒண்ணும் கிடையாது. அடுத்த வருஷம் இன்னொரு ஸ்கேன் எடுத்து, இதோட வச்சுப் பாக்கலாம்."

"எதைப் பாக்க?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்து நாற்காலியில் கணவரின் தலை தொங்கிக் கிடந்தது. நல்லவேளை, அவர் காதில் எதுவும் விழவில்லை.

வாசலுக்கு வந்ததும் கேட்டார். "என்ன சொன்னாரு?"

"மாத்திரை போட்டா சரியாயிடுமாம்."

"பொய் சொன்னா உனக்கு மூக்கு விடைக்கும்" என்றார்.

மாத்திரை கொஞ்ச நாள் கைகொடுத்தது. பிறகு அதுவும் போயிற்று. தெரிந்த முகங்களை அடையாளம் காண்பதில்கூட அவர் தடுமாறத் தொடங்கினார்.

"அண்ணே, கத்தியும் கத்தரியும் இனி என்கிட்ட இருக்கட்டும். நீ சும்மா வந்து உக்காந்து பேசிட்டிரு" என்றான் தம்பி. அண்ணன் சண்டைக்கு வருவார் என்று பயந்திருந்தான். அவர் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்துவிட்டார். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

ஒரு முற்பகல், புதிதாக வந்த ஒருவர் சுவரோரப் பெஞ்சைப் பார்த்தார்.

"பாவம், காத்திருந்து காத்திருந்து தூங்கிட்டாரு. அவருக்கு முதல்ல வெட்டுங்க."

"அவருக்கு ஒண்ணும் அவசரமில்லங்க" என்றான் தம்பி, துணியை உதறியபடி. "நீங்க உக்காருங்க."