பத்தொன்பது நாள் புருஷன்

கல்யாணமாகிப் பத்தொன்பதாவது நாள் காலையில், ஒரகடத்துக் கம்பெனி வாசலில் இசைவாணியின் ஐடி கார்டு வேலை செய்யவில்லை. மூன்று முறை காட்டியும் கதவு திறக்கவில்லை. செக்யூரிட்டி ஐயனாருக்குச் சங்கடமாகிவிட்டது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

“கோவிச்சுக்கிடாதிய மேடம். நீங்க வேலைய விட்டுட்டதா லிஸ்ட்ல வந்திருக்கு.”

எட்டு வருடமாக அங்கே வேலை செய்பவள் அவள். கார் சீட் பெல்ட் தயாரிக்கும் லைனில் முப்பத்திரண்டு பேருக்கு லீடர். எச்.ஆர். அறைக்குப் போனதும் விஷயம் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அவளுடைய போனிலிருந்தே ராஜினாமா மெயில் போயிருக்கிறது. ‘குடும்ப நலன் கருதி’ என்று காரணம். அவள் பெயரிலேயே ஒரு எழுத்துப் பிழை.

நான் எழுதவில்லை என்று எழுதிக் கொடுத்து, அன்றைக்கே ராஜினாமாவை ரத்து செய்ய வைத்தாள். பிறகு புருஷன் பிரசன்னாவுக்கு போன் போட்டாள்.

“இன்னா பண்ணி வெச்சிருக்க நீ?”

“அது... நீ ஆம்பளைங்கள வேலை வாங்கிக்கினு கீறன்னு ஃப்ரெண்ட்ஸுங்க கலாய்க்கிறானுங்க. எனக்கு அசிங்கமா கீது.”

வாலாஜாபாத்தில் மாமாவின் செல்போன் கடையைப் பதினொரு மணிக்குத் திறந்து, ஒன்றரை மணிக்குச் சாப்பாட்டுக்குச் சாத்துபவன் அவன். அவனுக்கு அசிங்கமாம்.

அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் அவள் மண்ணூரில் இருந்த அம்மா வீட்டுக்கே போய்விட்டாள்.

ஸ்ரீபெரும்புதூர் வக்கீல் ரத்னா பொறுமையாகச் சொன்னார். “ரெண்டு பேரும் சம்மதிச்சா யார் மேலயும் குத்தம் சொல்ல வேணாம்மா. ஆனா ஒரு வருஷம் கழிச்சுதான் விவாகரத்து மனு போட முடியும். அப்புறம் ஒரு ஆறு மாசம்.”

“பத்தொம்போது நாளைக்கா?”

“சட்டம் அப்படி.”

“அவன் பண்ணத எழுத வேணாமா மேடம்?”

“எழுதினா இல்லவே இல்லன்னுவான். வருஷக்கணக்கா இழுக்கும். ஒனக்கு அவன் தப்பு நிரூபணம் ஆவணுமா, அவன் போகணுமா?”

போனால் போதும் என்றாள். ஆனாலும் மனுவில் ‘கருத்து வேறுபாடு’ என்று இருந்ததை இரண்டு முறை படித்தாள். வேறுபடுவதற்கு அவனிடம் கருத்து என்று ஒன்று இருக்க வேண்டாமா?

ஒன்றரை வருடம் கழித்து ஒரு புதன்கிழமை தீர்ப்பானது. நீதிபதி இருவரையும் ஒருமுறை பார்த்தார், ஒரே கேள்விதான் கேட்டார். சம்மதம் என்றார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

வெளியே வராந்தாவில் பிரசன்னா தயங்கித் தயங்கி அவளிடம் வந்தான். மன்னிப்புக் கேட்கப்போகிறான் என்று நினைத்தாள். ஒன்றரை வருடமாக அவனுக்கென்று சேர்த்து வைத்த வார்த்தைகள் நாக்கு நுனியில் நின்றன.

“ஒரு ஹெல்ப் பண்ணணும். எங்க தெருவுல நீ கம்பெனி மூலமா கொரியா போயிருக்கறதா சொல்லி வெச்சிருக்கேன்.”

“எப்போலருந்து?”

“நீ வீட்ட விட்டுப் போன வாரத்துலருந்தே. தீபாவளிக்கு நீ அனுப்பினதா சாக்லேட்டுகூடக் குடுத்தேன். எல்லாரும் மரியாதையா பேசறாங்க. கொஞ்ச நாளைக்கு வாலாஜாபாத் பக்கம் வந்துடாத, இன்னா?”

இசைவாணி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“அங்க நான் இன்னா வேலைல கீறேன்?”

“மேனேஜர்.”

“எனக்குக் கீழ எத்தினி பேரு?”

“எறநூறு பேரு,” என்றான். குரலில் பெருமை வழிந்தது.

சேர்த்து வைத்த வார்த்தைகளில் ஒன்றைக்கூட அவனுக்காகச் செலவு செய்ய அவளுக்கு மனம் வரவில்லை.

“முன்னூறுன்னு சொல்லு. இன்னும் மரியாதை கெடைக்கும்.”

“சரி,” என்று தலையாட்டினான். நிஜமாகவே சொல்லப்போகிறவன் மாதிரிதான் இருந்தது அவன் முகம்.

அவள் ரத்னாவிடம் போய், தீர்ப்பு நகல் எப்போது கிடைக்கும் என்று கேட்டாள். பத்து நாளாகும் என்றார். வெயில் சுள்ளென்று அடித்தது. எதிர்க் கடையில் ஒரு கரும்புச் சாறு வாங்கி, நின்றபடியே நிதானமாகக் குடித்தாள்.