தட்டியவள் சொன்னதே சட்டம்

"அக்கா, ஒண்ணு சொல்லணும். கத்தக்கூடாது."

ராத்திரி பதினொன்றே கால். பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க ஊரார் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துவிட்டு வந்த அக்கா, சமையலறை மேடையில் சாய்ந்து நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தங்கை ஃப்ரிட்ஜுக்கு முதுகு கொடுத்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். பத்து வயதில் மாடிப்படியில் விழுந்து முன்பல்லின் ஓரம் உடைந்ததிலிருந்து அவளுக்குச் சில்லு என்றுதான் பெயர். இப்போது பதினாறு.

"யாராவது பையனா?"

"ச்சீ."

"மார்க்கா?"

"இல்லக்கா."

"அப்போ தலை போற விஷயம் இல்ல. சொல்லு."

"நான் ஒரு பொய் சொல்லிட்டேன். அதனால இன்னொருத்தி மாட்டிக்கிட்டா."

அக்காவின் கை தட்டிலேயே நின்றது. "யாரு?"

"லாரி."

லாரியை அக்காவுக்குத் தெரியும். சில்லு சண்டைப் பயிற்சிக்குப் போகும் கூடத்தில் அவளுடைய ஜோடி. எதிரே யார் வந்தாலும் ஒதுங்காத பெண் என்பதால் வந்த பெயர். டயர் கடைக்கு மேல்மாடியில், ஒரு காலத்தில் கிடங்காக இருந்த இடத்தில், டேப் ஒட்டிச் சேர்த்த மெத்து விரிப்புகளின், அதாவது மேட்டுகளின், மேல் இரண்டு வருஷமாக இருவரும் ஒருவரையொருவர் புரட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். குத்து, உதை, கட்டிப்பிடித்து வீழ்த்துவது, தரையில் மடக்குவது எல்லாம் கலந்த பயிற்சி.

போன வருஷம் சில்லுவுக்கு முட்டி பிசகியது. பிசியோதெரபி செய்த பெண், "மெதுவா அசையக் கத்துக்கோ" என்று சொல்லி அவளைத் தாய் சி என்ற நிதானமான சீனப் பயிற்சி வகுப்பில் சேர்த்துவிட்டாள். அந்தப் பிசியோதெரபி மையத்தின் காத்திருப்பு அறையில் நாற்காலிகளை ஓரங்கட்டிவிட்டு நடக்கும் வகுப்பு. இருந்த பதினோரு பேரில் நரைக்காத தலை இவளுடையது மட்டும்தான். முதல் வாரம் தூக்கம் தூக்கமாக வந்தது. இரண்டாம் வாரம் ஜோடிப் பயிற்சி வந்ததும் தூக்கம் போன இடம் தெரியவில்லை. மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டி நிற்க வேண்டும். ஒருவர் தள்ளுவார். மற்றவர் முட்டவும் கூடாது, கையை விட்டு ஓடவும் கூடாது. வருகிற பாரத்தை வாங்கி, உடம்பு வழியாக உள்ளங்காலுக்கு இறக்கித் தரைக்குக் கொடுத்துவிட வேண்டும். யாருடைய பாதம் நகர்கிறதோ அவர் தோற்றார்.

முட்டி சரியான பிறகும் சில்லு அதை விடவில்லை. கூடத்தில் எல்லோரும் கயிறு தாண்டும்போது இவள் ஓரமாக நின்று கைகளை மெதுவாக ஏற்றி இறக்குவாள். "என்னடி, சுவருக்கு வெள்ளை அடிக்கிறியா? எங்க வீட்டுக்கும் வந்து ஒரு கோட் அடிச்சிட்டுப் போ" என்பாள் லாரி. சிரித்தவர்கள் மூன்றே மாதத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். நின்று பிடிக்கும் பிடியில் சில்லுவை ஒருவராலும் சாய்க்க முடியவில்லை. இழுத்தால் கூடவே வந்தாள், தள்ளினால் அங்கே இல்லை. "இவளைத் தள்ளுறதும் கொடியில காயிற துணியைத் தள்ளுறதும் ஒண்ணு" என்று மாஸ்டரே சொன்னார். அவர் வாயிலிருந்து பாராட்டு வருவது கல்லில் நார் உரிப்பது மாதிரி. ஞாயிற்றுக்கிழமை நடக்கும் போட்டிக்குப் பதினெட்டுக்குக் கீழ்ப்பட்ட பெண்களில் இரண்டே இடம். சில்லுவும் லாரியும் என்று முடிவாகியிருந்தது.

"அதெல்லாம் தெரியும். கதையை விட்டு விஷயத்துக்கு வா," என்றாள் அக்கா.

செவ்வாய்க்கிழமை லாரி தள்ளவில்லை. இவளைப் பிடித்தபடியே பொத்தென்று கீழே உட்கார்ந்து, சேர்த்து இழுத்துப் புரட்டி, நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். சில்லு தனக்குத் தெரிந்ததைத்தான் செய்தாள். எதிர்க்காதே, தளர்த்து. தோளைத் தளர்த்தினாள், முழங்கையையும் தளர்த்தினாள். நிற்கும்போது பாரம் காலுக்குப் போகும். மல்லாந்து கிடக்கும்போது எங்கே போகும்? அவளுடைய விலா எலும்பின் மேலேயே வந்து உட்கார்ந்தது. இருந்த மூச்சு வெளியே போனது, அடுத்தது வரவில்லை. மேலே குழல்விளக்கு மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. 'போதும், விடு' என்பதற்கு அடையாளமாகப் படபடவென்று மேட்டைத் தட்டினாள். தட்டியதும் லாரி எழுந்துவிட்டாள்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் தட்டினாலும், மாஸ்டர் எந்த மூலையில் இருந்தாலும், "எது?" என்று கேட்பார். தட்டியவர் உடனே சொல்ல வேண்டும். கை, முட்டி, கழுத்து, எது மாட்டியதோ அது. அதில் யாரும் குறுக்கே பேசக்கூடாது. தட்டியவர் சொன்னதுதான் சட்டம்.

"எது?" என்றார் மாஸ்டர்.

எதுவும் மாட்டவில்லை. "கழுத்து" என்றது சில்லுவின் வாய்.

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். "நெரிச்சாளா, திருகினாளா?"

நெரிப்பதற்குக் கழுத்தைச் சுற்றிக் கை இருந்திருக்க வேண்டும். இல்லையென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். "திருகினா" என்றாள்.

சின்னவர்களின் கழுத்தைத் திருகுவது அந்தக் கூடத்தில் அறவே கூடாது. லாரியின் முகத்தில் ஈயாடவில்லை. "மாஸ்டர், என் ரெண்டு கையும் மேட்லதான் ஊணியிருந்துச்சு!"

"தட்டினவ சொல்லிட்டா. ஞாயித்துக்கிழமை நீ வேண்டாம்."

லாரி அழவில்லை. கால் பட்டைகளைக் கழற்றிப் பையில் போட்டாள். சில்லுவைத் தாண்டிப் போகும்போது, "என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னாள்.

"அவளுக்கு அடுத்த மாசம் பதினெட்டு முடியுதுக்கா. அப்புறம் பெரியவங்க பிரிவு. போன தடவை காய்ச்சல்ல படுத்துட்டா. இதுதான் கடைசி. நாளைக்குச் சாயங்காலம் மாஸ்டர் பேர் அனுப்பிடுவார்." சில்லு முழங்கால்களைக் கட்டிக்கொண்டாள். "சொல்லிடலாம்னு தினமும் போறேன். அங்க போனதும் ஓரமா நின்னுட்டு வந்துடறேன். எது மாட்டுச்சுன்னு கேப்பாங்க. ஒண்ணுமே மாட்டலன்னு எப்படிச் சொல்ல? ரெண்டு வருஷமாச் சண்டை கத்துக்கிட்டு, ஒருத்தி மேல உக்காந்ததுக்கே செத்துட்டேன்னு நினைச்சேன்."

அக்கா தட்டை வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். "இன்னிக்கு எங்க லேபுக்கு ஒருத்தர் வந்தார். மலை மாதிரி ஆளு. ஊசியை நான் இன்னும் உறையிலேருந்தே எடுக்கல. நாற்காலியோட சாஞ்சிட்டார்."

"நீ என்ன பண்ணே?"

"காலைத் தூக்கி வெச்சேன். எழுந்து, 'காலையில சாப்பிடலம்மா, அதான்'னார். சட்டையில சட்னிக் கறை." ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். "வா, படு. நான் மேல உக்காந்து பாக்குறேன்."

"நீயா?"

"அவ எத்தனை கிலோ?"

"அறுபத்திரண்டு."

"அப்போ நான் உனக்கு நல்ல பயிற்சி. அதுக்கு மேல கேக்காத."

முன்னறையில் விரித்திருந்த மெத்தையில் சில்லு மல்லாந்தாள். அக்கா ஏறி உட்கார்ந்து முன்னால் சாய்ந்தாள். ஐந்து நொடி இருக்கும். சொந்த அக்கா, கழுவிய பாத்திரத்துச் சோப்பு வாசனை, தெரிந்த வீடு. அப்படியும் மூச்சு அடைத்தது. சில்லு அவள் முதுகில் பட்பட்டென்று அறைந்தாள்.

"என்னடி அங்க சத்தம்?" என்றது உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல்.

"எலிம்மா!"

"எத்தனை?"

"ரெண்டு! நீ தூங்கு!"

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். சிரித்து முடிந்தபோதுதான் சில்லுவுக்கு உறைத்தது. சிரிப்பில் மூச்சு தானாக வந்திருந்தது, அக்கா இன்னும் மேலேதான் இருந்தாள்.

"அக்கா, இறங்காத. இரு."

அவள் விட்டத்தைப் பார்த்தபடி யோசித்தாள். காத்திருப்பு அறையில் மணிக்கட்டு சேர்த்து நிற்கும்போது கை எப்போதாவது தொளதொளவென்று தொங்கியதா? தொங்கினால் அடுத்த நொடியே தோற்றிருப்பாள். கை வளைந்திருக்கும், காற்றடைத்த ட்யூப் மாதிரி உள்ளிருந்து நிறைந்திருக்கும். இறுக்கம் கிடையாது, ஆனால் நசுங்கவும் நசுங்காது. கீழே விழுந்ததும் அதைத்தான் முதலில் தொலைத்திருக்கிறாள். தளர்த்துகிறோம் என்று நினைத்துக்கொண்டு ஆளையே சுருட்டி லாரியிடம் கொடுத்திருக்கிறாள்.

முழங்கால்களை மடக்கிப் பாதத்தைத் தரையில் பதித்தாள். உள்ளங்கால் எங்கேயும் போய்விடவில்லை. முழங்கைகளை விலாவோடு சேர்த்து, முன்கைகளை அக்காவின் இடுப்பு எலும்பில் வளைவாக வைத்தாள். தள்ளவில்லை, வைத்தாள். பாரம் முன்கையில் இறங்கி, முழங்கை வழியாக முதுகுக்கும் மெத்தைக்கும் போனது. மூச்சை முதலில் வெளியே விட்டாள். உள்ளே வந்தது, சின்னதாக. மறுபடி விட்டாள். மறுபடி வந்தது.

பயம் போய்விடவில்லை. ஆனால் பயத்தோடு பன்னிரண்டு மூச்சு எண்ணினாள்.

"எனக்கு வசதியா இருக்குடி. இப்படியே தூங்கிடட்டுமா?"

"இறங்குக்கா, தொடை மரத்துப்போச்சு."

அக்கா இறங்கிப் பக்கத்தில் படுத்தாள். "சரி, உனக்கு ஒண்ணு கிடைச்சுது. அவளுக்கு?"

சில்லு கைபேசியை எடுத்தாள். "மெசேஜ் அனுப்பிடட்டுமா, மாஸ்டருக்கு? அவர் கிட்ட மட்டும்?" என்றாள்.

"திருகினான்னு யார் கிட்ட சொன்னே?"

"எல்லார் முன்னாடியும்தான்."

அக்கா போர்வையை இழுத்துக்கொண்டு புரண்டு படுத்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை மாலை கூடத்தில் இருபது பேராவது இருந்தார்கள். கீழே டயர் கடையின் காற்றழுத்தி ஓடி ஓடி நின்றது. லாரி கடைசி மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் சுவரோரம் கைபேசியில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். அது பெயர்ப் பட்டியலாகத்தான் இருக்க வேண்டும்.

சில்லுவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காலைத் தேடிப் பதித்தாள். மூச்சை விட்டாள்.

"மாஸ்டர். செவ்வாய்க்கிழமை நான் தட்டினது கழுத்துக்காக இல்ல. லாரி என் கழுத்தைத் தொடவே இல்ல. நான் பொய் சொன்னேன்."

கயிற்றுச் சத்தம் நின்றது.

மாஸ்டர் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டார். "அப்போ எது?"

"பயம், மாஸ்டர். மூச்சு முட்டுச்சு. வேற ஒண்ணுமே இல்ல. பயந்துட்டேன்."

மாஸ்டரின் குரல் உயரவில்லை, அதுதான் மோசமாக இருந்தது. "இந்தக் கூடத்துல தட்டினவங்க சொல்றதை நான் ஏன் சந்தேகப்படறதில்ல தெரியுமா? ஒருத்தரைச் சந்தேகப்பட்டா, அடுத்தவன் தட்டறதுக்கு யோசிப்பான். யோசிச்சா கை முறியும். அந்த நம்பிக்கையை வெச்சு நீ இவளை அடிச்சிட்டே."

"ஆமா, மாஸ்டர்."

"எதுன்னுதானே கேட்டேன்? பயம்னு சொல்லக்கூடாதுன்னு எப்போ சொன்னேன்?"

"இதுவரைக்கும் யாருமே சொன்னதில்லயே, மாஸ்டர்."

மாஸ்டர் சுற்றிலும் பார்த்தார். ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். நூறு கிலோ இருக்கும் வெல்டர் ஒருவர் தொண்டையைச் செருமினார். "நான் ஒருநாள் முட்டின்னு சொன்னேன், மாஸ்டர். முட்டிக்கு ஒண்ணுமில்ல."

"எந்த முட்டி?"

"அதுகூட ஞாபகம் இல்ல, மாஸ்டர்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை, ஆனால் மீசை கொஞ்சம் அசைந்தது. "சட்டம் மாறாது. தட்டினவ சொன்னதுதான். இன்னிக்கு அவ மாத்திச் சொல்லியிருக்கா. லாரி ஞாயித்துக்கிழமை போறா. நீ போகல. சரியா?"

"சரி, மாஸ்டர்."

சரி என்று சொல்லிவிட்டாள். நெஞ்சுக்குள் ஏதோ சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் மூன்று நாளாக அங்கேயே உட்கார்ந்திருந்த வேறு ஏதோ எழுந்து போய்விட்டிருந்தது.

லாரி கயிற்றைச் சுருட்டி எறிந்துவிட்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. "படு," என்றாள்.

"இப்பவா?"

"அஞ்சு நிமிஷம். படுடி."

சில்லு படுத்தாள். லாரி ஏறி உட்கார்ந்தாள். இதில் அக்காவின் தயவு தாட்சண்யம் எதுவும் இல்லை. மூன்று நாள் கோபத்தையும் சேர்த்து இடுப்பில் வைத்து அழுத்தினாள். குழல்விளக்கு வெளுத்தது. சில்லு பாதத்தைப் பதித்தாள், முழங்கையை ஒட்டினாள், முன்கையை வளைத்து வைத்தாள். மூச்சு போனது. ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வரவில்லை. பிறகு நூல் அளவுக்கு வந்தது.

"என்னடி, கல்லு மாதிரியும் இல்ல, பஞ்சு மாதிரியும் இல்ல," என்றாள் லாரி, பல்லைக் கடித்தபடி.

பாரம் மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. லாரியின் வலது கை இன்னும் மேட்டில்தான் இருந்தது. ஆனால் அந்தக் கை எழப்போகிறது என்பதை அவளுடைய இடுப்பு முன்னாலேயே சொல்லிவிட்டது. சில்லு அந்தச் சாய்வை வாங்கினாள், முட்டவில்லை, கூடவே போனாள். லாரி, தான் நினைத்ததைவிட அரைச் சாண் அதிகமாகச் சாய்ந்துவிட்டாள். நடுவில் ஒரு சின்ன இடம் கிடைத்தது. சில்லு ஒரு முழங்காலை அதற்குள் நுழைத்தாள். அவ்வளவுதான். தப்பிக்கவில்லை. அடுத்த நொடியே லாரி கையை மடக்கிப் பிடித்தாள், சில்லு தட்டினாள், யாரும் "எது?" என்று கேட்பதற்கு முன்னால் "கை!" என்று கத்தினாள்.

இருவரும் மல்லாந்து கிடந்து இரைத்தார்கள்.

"மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காத," என்றாள் லாரி.

"நினைக்கல."

"அந்த முட்டி எப்படி உள்ள வந்துச்சு? நான் இன்னும் கையே எடுக்கலயே."

"உன் இடுப்பு முதல்ல சாயுது. அப்புறம்தான் கை வருது. நின்னு பிடிக்கும்போதும் அப்படித்தான்."

லாரி எழுந்து உட்கார்ந்து தன் இடுப்பையே குனிந்து பார்த்தாள், ஏதோ அது அவளுக்குத் துரோகம் செய்துவிட்ட மாதிரி. "ஞாயித்துக்கிழமை வர்றவளுக்கும் அது தெரியுமா?"

"நல்லவளா இருந்தா தெரியும்."

"அப்போ அதைச் சரி பண்ணணும்." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "இன்னும் ரெண்டு நிமிஷம் பாக்கி இருக்கு. நான் எப்போ சாயிறேனோ அப்போ அப்போ சொல்லு."

சில்லு மறுபடி படுத்தாள்.