மரத்துப்போன தாடையும் ஆறு தந்திகளும்

இனி வரப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பொய்யென்று யாராவது நிரூபித்தால், மரத்துப்போகும் ஊசி இல்லாமலே என் வாயில் மிச்சமிருக்கும் பற்களை எல்லாம் பிடுங்கிக்கொள்ளலாம். இருப்பது நான்கு. அந்த நான்கின் மேலும் ஆணை.

பல் டாக்டர் ஒருவர் இருந்தார். கெட்டிக்காரர், கைராசிக்காரர், ஆனால் அவருக்கு ஒரு வியாதி. எங்கே ஒரு நூல்முனை நீட்டிக்கொண்டிருந்தாலும் அவர் கை கத்தரிக்கோலைத் தேடும். ஈறில் தையல் போட்டு முனையை நறுக்கி நறுக்கிப் பழகிய கை அது. சட்டைப் பொத்தானில் தொங்கும் நூல், துடைப்பத்தில் துருத்தும் குச்சி, எதையும் விட்டதில்லை. ஒருமுறை பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் காதுமுடியை நறுக்கிவிட்டார். அவர் திரும்பிப் பார்த்து, "இந்தப் பக்கமும்" என்று இன்னொரு காதையும் காட்டினார்.

அன்று பிற்பகல் மூன்றரை மணிக்கு டாக்டரின் நாற்காலியில் படுத்திருந்தவர் சுருதி அண்ணன். கடைத்தெருவில் வாத்தியம் பழுதுபார்ப்பவர். கிட்டார், வயலின், ஆர்மோனியம், எது வாயடைத்துப் போனாலும் அவரிடம்தான் போகும். இப்போது அவருடைய இடது கீழ்க் கடைவாய்ப்பல்தான் ஊரைக் கூட்டியிருந்தது. டாக்டர் ஊசி போட்டு, வாயில் இரண்டு பஞ்சுருளைகளைச் செருகி, "மரக்கட்டும், பத்து நிமிஷம்" என்றார்.

அந்தப் பத்து நிமிஷம்தான் வினை.

மூலையில் டாக்டர் மனைவியின் கிட்டார் சாய்ந்திருந்தது. வீடு வெயிலில் வேகும், கிளினிக்கில் ஏசி உண்டு என்று காலையில் அவள்தான் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒன்பது வருடமாகப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனக்குத்தானே வாசித்து வந்தவள், அன்று மாலை ஆறரை மணிக்கு நூலக மாடியில் முதல்முறையாக மனிதர்கள் முன்னால் வாசிக்க ஒப்புக்கொண்டிருந்தாள். ஒப்புக்கொண்ட நாளிலிருந்து வீட்டில் உப்பு டப்பாவும் சர்க்கரை டப்பாவும் இடம் மாறிக்கொண்டே இருந்தன. "இன்னிக்கு நடக்கலைன்னா இனிமே என்னைக்கும் இல்லை. கிட்டாரை வித்துடுவேன்" என்று சொல்லியிருந்தாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள்: "உங்க மூச்சுக்காத்துகூட அது மேல படக்கூடாது."

டாக்டர் மூச்சை அடக்கிக்கொண்டுதான் பக்கத்தில் போனார்.

அது நைலான் தந்தி போட்ட கிட்டார். தலையில் ஜன்னல் மாதிரி இரண்டு நீளமான துளைகள். ஒவ்வொரு துளைக்குள்ளும் குறுக்கே மூன்று வெள்ளை உருளைகள். தந்தியின் நுனி உருளையின் ஓட்டைக்குள் நுழைந்து சுற்றிக்கொண்டிருக்கும், பக்கத்துத் திருகைத் திருகினால் இறுகும். அந்த உருளைகளிலிருந்து ஆறு வால்கள் கோணல்மாணலாக நீட்டிக்கொண்டிருந்தன, பூனை மீசை மாதிரி.

டாக்டரின் கை கத்தரிக்கோலை எடுத்தது. "ஒண்ணே ஒண்ணு" என்று கைக்குச் சொன்னார். கை கேட்கவில்லை. கத்தரிக்கோல் துளைக்குள் நுழைந்து நறுக்கியது. 'டங்' என்றது. வால் அப்படியே இருந்தது. தந்திதான் போயிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு நிறுத்தியிருப்பார்கள். ஆனால் பல் மருத்துவத்தில் ஒரு விதி உண்டு: ஒரு பல்லை எடுத்து இடத்தைக் காலியாக விட்டால் பக்கத்துப் பற்கள் சாயும். டாக்டர் கண்ணுக்கு மற்ற ஐந்து தந்திகளும் சாய ஆரம்பித்ததாகவே பட்டது. வரிசையாக ஐந்தையும் எடுத்துவிட்டார்.

மருந்து எடுத்துக்கொண்டு உள்ளே வந்த நர்ஸ் அப்படியே நின்றாள்.

"டாக்டர், என்ன இது?"

"முழு செட்டும் எடுத்தாச்சு, சிஸ்டர்."

"அக்கா அஞ்சு மணிக்கு வந்துடுவாங்களே!"

"அதுக்குள்ள புது செட்டு கட்டிடலாம். கிட்டார் பெட்டியில புது ஸ்ட்ரிங் பாக்கெட் இருக்கு. நான் கட்டாத செட்டா?"

"நீங்க கட்டினது பல் செட்டு."

"அதைவிட இது சுலபம். இதுக்கு உமிழ்நீர் ஊறாது."

கிட்டாரைத் தூக்கி, வேறு இடம் இல்லாததால், சுருதி அண்ணனின் வயிற்றின் மேல் கிடத்தினார். விளக்கைத் தலைத்துளைக்குத் திருப்பினார். சிறு கண்ணாடியையும் இடுக்கியையும் எடுத்தார். பழக்கதோஷத்தில் கிட்டாரிடம், "கொஞ்சம் சுருக்குனு இருக்கும், பயப்படாதீங்க" என்றார்.

முதல் தந்தியை உருளைக்கு அடியில் விட்டு, பம்பரத்துக்குக் கயிறு சுற்றுவது மாதிரி எட்டுத்தரம் சுற்றினார். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வெங்காய மூட்டை மாதிரி புடைத்தன. தந்தி துளையின் விளிம்பில் உரசி அழுதது.

சுருதி அண்ணனின் கண்கள் பிதுங்கின. தன் வயிற்றின் மேலேயே ஒரு கொலை நடக்கிறது, சத்தம் போட நாக்கு இல்லை. "ஊஊ! ஆஆ ஈஈ ஆஆ!" என்றார்.

"ஐயோ, அண்ணனுக்கு வலிக்குது" என்றாள் நர்ஸ்.

"வலி இல்லை, சிஸ்டர். 'அடியில விடாதய்யா, உருளைக்கு மேல வரணும்'ங்கிறார்."

நர்ஸ் டாக்டரையும் சுருதி அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தாள். சுருதி அண்ணன் தலையை ஆட்டினார். கண்ணில் நீர்.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. பதினெட்டு வருடமாக மனிதர்கள் வாயில் பஞ்சும் குழாயும் தன் நான்கு விரல்களும் இருக்கும்போது பேசியதை மட்டுமே கேட்டு வளர்ந்த காது அது. வாயைச் சுத்தமாக வைத்துக்கொண்டு பேசினால்தான் டாக்டருக்குச் சற்றுக் குழப்பம். வீட்டில் பாதிச் சண்டைக்கு அதுவே காரணம்.

"ஆஆ ஊ ஊஊ ஈஈ."

"'ஓட்டைக்குள்ள மேலிருந்து விட்டு, நுனியைப் பின்பக்கமா கொண்டுவந்து, தந்திக்கு அடியில கொடுத்து இழு. அதுவே தன்னைக் கவ்விக்கும்.' ஓகோ! இது நம்ம தையல் முடிச்சுதானே, அண்ணே?"

"ஊஊம்."

"'தையலுக்கு அண்ணன் முறை'ங்கிறார்."

பிரித்து மறுபடி போட்டார்கள். கீழ்முனைக்கு, கிட்டார் உடம்பில் ஒட்டியிருக்கும் பாலக்கட்டையின் ஓட்டையில் நுழைத்து, வளைத்து, தனக்குத்தானே அடியில் செருகும் முடிச்சு. தடித்த தந்திக்கு ஒரு செருகல் போதும். மெல்லிய நைலான் வழுக்கும் என்பதால் அதற்கு மூன்று. மேலே அளவாகத் தொய்வு விட்டு, ஓட்டையிலிருந்து வெளிப்பக்கமாகச் சுற்று மேல் சுற்று ஏறாமல் அடுக்கடுக்காக மூன்றே சுற்று. டாக்டர் கண்ணாடியைத் துளைக்குள் விட்டு ஒவ்வொரு சுற்றையும் பின்பக்கம் பார்த்தார். ஐந்து தந்திகள் முடிந்தபோது, பால்பல் விழுந்து முளைத்த வரிசை மாதிரி உருளைகள் பளிச்சென்று இருந்தன.

ஆறாவது தந்தி அடம்பிடித்தது. திருகுவதற்கு ஒரு கை, தந்தியை இழுத்துப் பிடிக்க ஒரு கை, நுனி நழுவாமல் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். நர்ஸ் வெளியே இருந்தாள். பல்வலியோடு உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கு, "உள்ள பெரிய ஆபரேஷன்" என்று விளக்கிக்கொண்டிருந்தாள். சுருதி அண்ணனின் இரண்டு கைகளும் கிட்டாரைப் பிடித்திருந்தன.

டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். திறந்திருந்த வாயைப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம், அண்ணே" என்று நுனியைக் கடைவாய்ப்பல்லில் ஒரு சுற்றுச் சுற்றி முடிந்தார்.

"ஆ?" என்றார் சுருதி அண்ணன்.

"சும்மா பிடிமானத்துக்கு."

திருகினார். கிட்டார் தெரிந்தவர்கள் இங்கேயே எழுந்து நின்றிருப்பார்கள். உருளை சுற்றும்போது தந்தி மட்டும் சுற்றாது, ஓட்டைக்கு அந்தப் பக்கம் நீட்டியிருக்கும் நுனியும் சேர்ந்து சுற்றும். முதல் சுற்றில் சுருதி அண்ணனின் தலை தலையணையை விட்டு எழுந்தது. இரண்டாம் சுற்றில் அவர் கிட்டாரின் தலையோடு முகத்துக்கு முகம் நின்றார். மூன்றாம் சுற்றில் 'ப்ளக்' என்று ஒரு சத்தம்.

பல் பறந்தது. கூரையில் பட்டது, விளக்கில் பட்டது, கிட்டாரின் வட்டத் துவாரத்துக்குள் விழுந்து உள்ளே மூன்று முறை உருண்டு அடங்கியது.

"ஊ?" என்றார் சுருதி அண்ணன், நாக்கால் துழாவி.

"வந்துடுச்சு அண்ணே. வலிச்சுதா?"

"ஊஊம்."

"பாத்தீங்களா!"

பிறகு டாக்டர் இடுக்கியைத் தந்திகளுக்கு நடுவே விட்டு, கண்ணாடியால் பார்த்து, அதே பல்லை மறுபடியும் எடுத்தார். ஒரே பல்லை ஒரே நாளில் இரண்டு வாயிலிருந்து பிடுங்கிய மருத்துவர் உலகில் அவர் ஒருவர்தான். இரண்டாவதுதான் கஷ்டமாக இருந்ததாம்.

மணி நாலே முக்கால். சுருதி அண்ணன் புதுப் பஞ்சைக் கடித்தபடியே கவலைப்பட்டார். டாக்டர் மொழிபெயர்த்தார்: "'புது நைலான் ரெண்டு நாளைக்கு நீண்டுக்கிட்டே இருக்கும். சுருதி நிக்காது. இழுத்து இழுத்து விட்டுச் சுருதி சேத்தாத்தான் கொஞ்சமாவது அடங்கும்.'"

இழுத்தார்கள், சேர்த்தார்கள், இறங்கியது. மறுபடி இழுத்தார்கள். டாக்டர் பல்லடைக்கும் சிமெண்டை இறுக்கும் நீலவிளக்கை எடுத்துத் தந்திக்கு இருபது நொடி வீதம் காட்டினார். சுருதி அண்ணன் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. பல் போனவன் எதையும் நம்புவான்.

ஐந்து மணிக்கு மனைவி வந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை. கிட்டாரை எடுத்துப் பெட்டியில் போட்டாள். "தொட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"நானா?" என்றார் டாக்டர். பின்னாலிருந்து நர்ஸ் கிட்டாரைப் பார்த்து, "ரெண்டு மணி நேரத்துக்குச் சூடா எதுவும் வேண்டாம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். நல்லவேளை, மனைவி அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டாள்.

நூலக மாடியில் அறுபது நாற்காலி, எழுபது பேர். டாக்டர் முன்வரிசையில் உட்கார்ந்து, நாற்காலியின் கைப்பிடியை அவருடைய நோயாளிகள் பிடிப்பது மாதிரி பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கன்னம் மட்டும் வீங்கிய சுருதி அண்ணன்.

மனைவி வாசிக்க ஆரம்பித்தாள். முதல் பாட்டின் நடுவிலேயே சுருதி அண்ணன் டாக்டரின் தொடையைக் கிள்ளினார். தந்திகள் இறங்கிக்கொண்டிருந்தன.

ஆனால் ஆறும் ஒரே மாதிரி, ஒரே நேர்த்தியோடு, அச்சுப் பிசகாமல் சுற்றப்பட்டிருந்ததால் ஆறும் ஒரே விகிதத்தில் இறங்கின. கணக்கு டீச்சர் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். எல்லாமே ஒரே விகிதத்தில் குறைந்தால் எதுவும் குறையவில்லை என்றுதானே அர்த்தம்? அவள் பயம் அந்த நொடியில் போயிற்று. சிரித்துக்கொண்டே வாசித்தாள். பாட்டு படி படியாகக் கீழே இறங்க, கேட்டவர்களின் தலையும் கூடவே இறங்கியது. நாலாவது பாட்டில் சபை முழுக்கக் குனிந்திருந்தது. பத்தாவது பாட்டில் கடைசி வரிசை தரையில் உட்கார்ந்திருந்தது. கைதட்டல் முழங்கால் உயரத்திலிருந்து எழுந்து வந்தது.

"இவ்வளவு பணிவான சபையை நான் பாத்ததே இல்லை" என்றார் நூலகர், தரையிலிருந்து.

வீடு திரும்பும் வழியில் மனைவி கிட்டார் பெட்டியைக் கை மாற்றிப் பிடித்தாள்.

"என்னங்க."

"சொல்லும்மா."

"ஸ்ட்ரிங் மாத்தினது யாரு?"

"ஸ்ட்ரிங்கா? மாத்தியிருக்கா என்ன?"

"கிட்டார் முழுக்க கிராம்பு எண்ணெய் வாசம். மூணாவது பாட்டுலேர்ந்து எனக்கே பல்லு மரத்துப்போச்சு. வாயைத் திறங்க."

ஊரையே வாய் திறக்கச் சொன்னவர் தன் வாயைத் திறந்தார். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். அவள் தெருவிளக்கின் கீழ் நின்று, பெட்டியைத் திறந்து, துளைக்குள் அந்தச் சுற்றுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ஒன்பது வருஷத்துல நான் ஒருநாளும் இப்படிப் போட்டதில்லை" என்றாள். "அடுத்த மாசமும் வாசிக்கச் சொல்றாங்க. மாசாமாசமாம். சரின்னு சொல்லிட்டேன்."

"சொல்லிட்டியா!"

"ஸ்ட்ரிங் நீங்களே போடுங்க. சுருதி அண்ணனுக்கு இன்னும் எத்தனை பல்லு மிச்சம்?"

"இருபத்தேழு."

அவள் மனக்கணக்குப் போட்டாள். "ரெண்டே கால் வருஷம். தாராளம்" என்றாள்.

இத்தனைக்கும், என் நான்கு பற்களின் மேல் ஆணையாக, அந்த டாக்டருக்கு இன்றுவரை கல்யாணம் ஆகவில்லை.