எஸ் போட்டால் போதும்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை. "ஆங்கிலப் பன்மையை விளக்கி ஒரு கதை குடுங்க, நாலு பேருக்குப் பயன்படட்டும்" என்றார் ஒரு பத்திரிகை ஆசிரியர். கதை பயன்பட வேண்டும் என்று நம்புகிறவரிடம் வாதாட எனக்குத் தெம்பில்லை.

முதல் தொடக்கம்: 'மாலை வெயில் மாடிப்படியில் மெல்ல...' வேண்டாம். வெயிலில் தொடங்கிய கதைகள் ஏற்கெனவே நிறையக் காய்ந்து கிடக்கின்றன.

2
மருந்துக்கடை மாடியில் ஓர் ஆங்கில வகுப்பு. டீச்சருக்குப் பட்டப்பெயர் 'எஸ்'. "ஒண்ணுக்கு மேல இருந்தா எஸ் போடுங்க, முடிஞ்சது" என்பார் முதல் நாளே. பயந்து வந்தவர்கள் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். எஸ் ஒட்டாத சொற்களை இரண்டாம் மாதம் பக்குவமாகச் சொல்வது அவர் வழக்கம்.

வகுப்பு நடத்தும் முதலாளி அதை ஒரே மாதமாக்கினார். "விதிவிலக்கெல்லாம் அடுத்த கோர்ஸ்ல டீச்சர். இப்பவே எல்லாத்தையும் கொட்டிட்டா திரும்ப எவன் வருவான்? சொல்லிக் குடுத்தீங்கன்னா வேற ஆள் பாத்துக்குவேன்."*

*அவரது கல்வித் தொண்டைத் தனிக்கதையாக எழுதலாம். வழக்குப் போடுவார்.

3
ஒரு தையல்காரப் பெண்ணைக் கொண்டுவருகிறேன். [இவள்மேல் எனக்கே சந்தேகம். கதைக்கு வசதியாக ரொம்ப நல்லவளாக இருக்கிறாள்.] மிஷினோடு மல்லாடிக் கழுத்து போய்விட்டது. நாளை குழந்தைகள் காப்பகத்தில் நேர்காணல். அந்த வேலையைத்தான் மலைபோல் நம்பியிருக்கிறாள். கடைசி வகுப்பு முடிந்ததும், நேர்காணலில் சொல்லப்போவதை டீச்சரிடம் ஒப்பித்தாள்.

"ஐ லவ் சைல்ட்ஸ்."

டீச்சர் திரும்பிப் பார்த்தார். கதவருகே முதலாளி, சாவிக்கொத்தோடு.

"அது... சில்ட்ரன்மா" என்றார், குரலைத் தாழ்த்தி.

"முன்னாடி அப்படித்தான் டீச்சர் சொல்லிட்டிருந்தேன். நீங்க எஸ் போடணும்னீங்களா, கஷ்டப்பட்டு மாத்திக்கிட்டேன். டீச்சர் தப்பாவா சொல்லுவாங்க?"

டீச்சர் கூனிக் குறுகிப்போனார். எழுதிய எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

4
முடிவு அ: கேள்வி கேட்பவருக்கும் ஆங்கிலம் தெரியாது. வேலை கிடைக்கிறது. [பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும்.]

முடிவு ஆ: முதலாளி மனம் திருந்தி... சரி, விடுங்கள். இதைவிடப் பேய்க்கதை நம்பும்படி இருக்கும்.

நடந்தது இவ்வளவுதான். தையல்காரப் பெண் கிளம்பவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

"அப்ப வேற எதெல்லாம் டீச்சர் நான் மாத்திக்கிட்டேன்?"

முதலாளி தொண்டையைச் செருமினார். டீச்சர் வாயைத் திறக்கிறார். இந்த இடத்தில் அவரைத் துணிச்சலாகப் பேசவைத்துக் கைதட்டு வாங்க எனக்கு ஒரு நிமிடம் போதும். வேலை போவது அவருக்கு, பெயர் வருவது எனக்கு. அதனால்தான் எழுத மாட்டேன் என்கிறேன். அவர் என்ன சொல்ல வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். அதற்கு முன், உங்கள் வேலையை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.