ஐந்தாவது அட்டை

அந்தப் பிரெஞ்சு அகராதி அலுவலகத்தில் ஓர் இரவல் சொல் நுழைய ஐந்து அட்டைகள் வேண்டும். ஒருவரையொருவர் அறியாத ஐந்து பேர் அதைச் சொல்லியிருக்க வேண்டும். எந்த மனநிலையில் சொன்னார்கள் என்பதை அவர்களிடமே கேட்டு எழுத வேண்டும்.

ஆங்கில ‘டூ மச்’சுக்கு, அங்கே உதவிப் பதிப்பாசிரியரான அவளிடம் நான்கு அட்டைகள் இருந்தன. கோப்பு அன்று மாலை நான்கு மணிக்கு மூடப்படும்.

“அளவுக்கு மிஞ்சினதுன்னு சொல்ல பிரெஞ்சுல நம்மகிட்டயே ‘த்ரோ’ இருக்கு. எதுக்கு இரவல்?” என்றார் தலைமைப் பதிப்பாசிரியர். சொற்களை வெட்டி வெட்டி அவருக்குக் கத்தரிக்கோல் என்றே பெயர்.

“இங்கிலீஷ்காரங்க உப்பு கூடினாலும் சொல்லுவாங்க, சத்தம் கூடினாலும் சொல்லுவாங்க சார். பிரெஞ்சுல ஒரு மூலையை மட்டும்தான் எடுத்துக்கிட்டாங்க. ஒரு தொப்பி, ஒரு விருந்து, ஒரு ஆளு. தாங்கவும் முடியல, விடவும் முடியல. அதுக்கு.”

“ஐந்தாவது எங்கே?”

அவள் கைப்பேசியை மேசையில் வைத்தாள். மகளின் குரல். தோழிக்கு அனுப்ப வேண்டியது, கை தவறி இவளுக்கு வந்துவிட்டது. பிரெஞ்சில் நான்கு விநாடி: என் அம்மா டூ மச். கடைசியில் ஒரு மூச்சு. சிரிப்பா, சலிப்பா?

மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த மூன்று நாளும் மகளை அழைக்கவில்லை. அதற்கு முன் ஒரு நாளைக்கு ஏழு தடவை.

“நீ கேட்டா சரியா வராது,” என்று அவரே அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டார். மகளை அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

“அம்மாவைப் பத்திச் சொன்னியே, டூ மச்னு. எந்த மனநிலையில?”

“ஐயோ. அது அம்மாவுக்கா போச்சு?”

“கேள்விக்குப் பதில் சொல்லும்மா. அகராதிக்கு.”

“எரிச்சல்தான் மாமா. பல்லு விளக்கினியான்னு கேக்கறாங்க. எனக்கு இருபத்தொன்பது வயசு.”

அவள் அட்டையில் எழுதினாள்: எரிச்சல். எழுத்து வழக்கத்தைவிடச் சிறியதாக விழுந்தது.

“அவ்வளவுதானே?” என்றார் அவர்.

“மாமா, மூணு நாளா போனே வரல. நான் பண்ணினாலும் எடுக்கல. உடம்பு கிடம்பு சரியில்லையா?”

அவர் அவளைப் பார்த்தார். அவள் ஒன்றுமில்லை எனத் தலையசைத்து, கடிகாரத்தைக் காட்டினாள். பத்து நிமிடம் இருந்தது.

“நல்லாத்தான் இருக்கா. வேலை.”

“வேலைன்னா இன்னும் அதிகமாத்தானே கூப்பிடுவாங்க? சாயங்காலம் வர்றேன்னு சொல்லுங்க. பல்லு விளக்கிட்டுத்தான் வர்றேன்னும் சொல்லுங்க.”

இணைப்பு அறுந்தது.

அவள் ‘எரிச்சல்’ என்பதை அடிக்கவில்லை. பக்கத்தில் எழுதினாள்: மூன்று நாள்தான் தாங்கும்.

“இப்படியெல்லாம் எழுத விதியில இடமில்லையே,” என்றார் கத்தரிக்கோல்.

“வெட்டிடுங்க சார்.”

அவர் அட்டையை இன்னொரு முறை படித்தார். மற்ற நான்கோடு சேர்த்துக் கோப்பில் வைத்து நாடாவைக் கட்டினார்.