முப்பதாவது பாகம்

உள்ளறையில் அப்துல் தவ்வாபின் உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் அவருடைய மகள் நக்லா, கைப்பேசியைக் காதில் வைத்தபடி, குர்ஆன் ஓத எந்தச் செயலி நல்லது என்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“மூணு பாத்துட்டேன்,” என்றான் துபாயிலிருந்து அண்ணன் ஹிஷாம். “முதல்ல இருக்கிறது, போன்ல படிச்சா டேப்லெட்டுக்குத் தெரியாது. ரெண்டாவதுல நடுவுல நடுவுல விளம்பரம். பாபாவுக்கு ஓதுறப்ப வாஷிங் மெஷின் விளம்பரம் வந்தா நல்லாவா இருக்கும்?”

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. நல்லா இருக்காது என்றாள் நக்லா.

“மூணாவதுதான் சரி. ஒரே அக்கவுண்ட், மூணு பேரும் உள்ள போறோம். நீ விட்ட இடம் கனடாவுல இனாஸோட போன்ல தானா திறக்கும். அவ விட்ட இடம் எனக்குத் திறக்கும். நீ முதல் பத்துப் பாகம், அவ அடுத்த பத்து, நான் கடைசிப் பத்து. பாஸ்வேர்டு அனுப்புறேன், ஆங்?”

“நீ எப்ப வர்ற, ஹிஷாம்?”

“ஆடிட்டும்மா. தெரியாதா உனக்கு?”

அப்துல் தவ்வாப் அலெக்ஸாண்ட்ரியாவில் டிராம் பரிசோதகராக இருந்தவர். ஒருமுறை ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்த கடற்பறவையிடம் அவர் டிக்கெட் கேட்டதாகவும், அது தலைகுனிந்து அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போனதாகவும் ரம்ல் நிலையத்தில் சொல்வார்கள். நம்பாதவர்கள் அவரிடம் டிக்கெட்டில்லாமல் மாட்டாதவர்கள்.

அவர் கடைசியாகக் கேட்டது ஒன்றே ஒன்று. கூலிக்கு ஓதுகிறவர் வேண்டாம். மூன்று பிள்ளைகளும் பிரித்துக்கொண்டு குர்ஆனின் முப்பது பாகங்களையும் ஓதி, மூன்றாம் நாள் பிரார்த்தனையான துஆவுக்குள் கத்தத்தை முடிக்க வேண்டும். இதற்குக் காரணம் இருந்தது. நண்பர் ஒருவரின் துக்க வீட்டில், ஒரே மாலையில் இரண்டு வீடு ஒப்புக்கொண்ட, கூலிக்கு ஓதும் காரி ஒருவர், அவசரத்தில் இறந்தவரை விட்டுவிட்டு உயிரோடு உட்கார்ந்திருந்த மூத்த மகனின் பெயரைச் சொல்லிப் பாவமன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். மகன் அடுத்த வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தான்.

“மூணு பேரும், நக்லா. நீ ஒருத்தியே இழுத்துப்போட்டுச் செய்யாத. எல்லாத்தையும் நீயே செஞ்சுடுற,” என்று அப்போது சொல்லியிருந்தார் அப்துல் தவ்வாப். படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட்டபடி அவள் சரி என்றாள்.

அடக்கம் முடிந்தது. நக்லா சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து ஓதினாள். வருகிறவர்களுக்குச் சர்க்கரையில்லாத காப்பி போட்டாள், மறுபடி உட்கார்ந்து ஓதினாள். ஆறாவது பாகத்தின் நடுவில் தூங்கிப்போனாள்.

காலையில் செயலியைத் திறந்தாள். பச்சைநிறப் பூக்கள் திரையெங்கும் உதிர்ந்தன. வாழ்த்துகள், நூலை முடித்துவிட்டீர்கள் என்றது. பின்னால் தள்ளித் தன் இடத்துக்குப் போனாள். மூடித் திறந்தாள். வேறொரு கருவியில் கடைசிப் பக்கம் எட்டப்பட்டுள்ளது என்று சொல்லி, கேட்காமலே முப்பதாவது பாகத்துக்குக் கூட்டிப்போய் மறுபடி பூத் தூவியது.

கனடாவிலிருந்த சகோதரி இனாஸைக் கூப்பிட்டாள்.

“அய்யோ, நான் இன்னும் திறக்கவே இல்லடி. நீ முடிச்சப்புறம்தானே என் முறை? குரூப்புல பாத்தேன், முடிஞ்சுதுன்னு. சரி, ஹிஷாம் எல்லாத்தையும் ஓதிட்டான் போலன்னு நெனச்சேன்.”

ஹிஷாமைக் கூப்பிட்டாள்.

“சிங்க் ஆகுதான்னு சும்மா கட்டைவிரலால கடைசி வரைக்கும் இழுத்துப் பாத்தேன்,” என்றான். “ஆகுது. அருமையான செயலி.”

“இழுத்துப் பாத்தியா?”

“அப்புறம் பூ வந்துச்சு. நீங்க ரெண்டு பேரும் ராத்திரியே முடிச்சிட்டீங்கன்னு நெனச்சு, படம் புடிச்சுக் குரூப்புல போட்டுட்டேன்.”

“உன் பத்தை யாரு ஓதினா, ஹிஷாம்?”



“இங்க பாரு. குடும்பமே ‘அல்லாஹ் ஏத்துக்கட்டும்’னு போட்டாச்சு. சித்தப்பா அழுது குரல் அனுப்பியிருக்கார். இப்பப் போய் இல்லைன்னு சொன்னா பாபாவுக்குத்தான் அசிங்கம்.”

“ஆளுக்கு ஒரு பாகமாவது ஓதுங்க. மீதியை நான் ஓதிக்கிறேன். ஒரே ஒரு பாகம்.”

“பாக்குறேன்,” என்றான். இனாஸும் பாக்குறேன் என்றாள். அவள் மகனுக்கு அன்றைக்கு ஹாக்கி.

நக்லா அலமாரியிலிருந்து குர்ஆன் பிரதியை எடுத்துவைத்து ஓதினாள். யாராவது ஓதியிருக்கிறார்களா என்று பார்க்க அடிக்கடி செயலியைத் திறந்தாள். ஒவ்வொரு தடவையும் பூ உதிர்ந்தது.

மூன்றாம் நாள் மாலை கூடம் நிறைந்தது. எல்லோரும் டான்ட் என்று அழைக்கும் பக்கத்து வீட்டு அத்தை ஸுஹைர், வானொலிப் பெட்டியின்மேல் டேப்லெட்டைச் சாய்த்துவைத்தாள். அதில் ஹிஷாம் வெள்ளைச் சட்டையில் இருந்தான். சித்தப்பா ஃபத்ஹி கைகளை ஏந்துவதற்கு முன் நக்லா பக்கம் திரும்பினார்.

“என் அண்ணன் ஆசைப்பட்டபடி மூணு பிள்ளைங்களும் ஓதி முடிச்சாங்களாம்மா? நீ சொல்லு. அவருக்குப் பக்கத்துல இருந்தவ நீதான்.”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். டேப்லெட்டும் பார்த்தது.

“முடிச்சோம், சித்தப்பா,” என்றாள் நக்லா.

அவர் துஆ செய்தார். கூடம் முழுக்க ஆமீன் என்றது. எல்லோரும் உள்ளங்கைகளை முகத்தில் தடவி இறக்கி, காப்பியை எடுத்த பிறகு, துபாயிலிருந்து ஆமீன் வந்து சேர்ந்தது. ஹிஷாமும் கைகளை முகத்துக்குக் கொண்டுபோனான். அந்த இடத்தில் இணைப்பு நின்றுபோனது. முகத்தைப் பொத்திய இரண்டு கைகள், அப்படியே.

“பாவம் பிள்ளை,” என்று டான்ட் ஸுஹைர் மூக்கை உறிஞ்சினாள். “தூரத்துல கெடந்து எப்படி அழுவுறான் பாரு. நக்லா, நீ கல்லு மாதிரி நிக்கிறியே, நாலு வார்த்தை ஆறுதலா சொல்லேன் அவனுக்கு.”

நக்லா காலிக் குவளைகளைத் தட்டில் அடுக்கத் தொடங்கினாள்.