வலப்பக்கத்து மரை

மருத்துவச்சி தாட்சாயிணிக்குப் புதுச்சேரியிலிருந்து அண்ணன் ஜெயராமன் ஒரு பிரெஞ்சு சைக்கிள் அனுப்பியது 1938இல். பூந்தமல்லி வட்டாரத்தில் பிரசவ வலி என்றால் அந்த சைக்கிள் போய் நிற்கும். ஆனால் பெடல் அச்சைத் தாங்கும் வலது கப்பு, பாழாய்ப்போனது, மாதம் ஒருமுறை கழன்றது. போன வாரம் சேக்காட்டுக்குப் பாதி வழியில் கழன்று, அவள் ஓடிச் சேர்வதற்குள் குழந்தையே பிறந்துவிட்டது. இன்னொரு தடவை கழன்றால் சைக்கிளை விற்றுவிடுவதாக அண்ணன் எழுதிவிட்டார்.

"நீங்க முரட்டுத்தனமா மிதிக்கிறீங்கம்மா" என்று குமணன்சாவடி சைக்கிள் கடை சாதுல்லா மூன்று தடவை சொல்லியாயிற்று.

"நாலாவது வாட்டியும் அதத்தான் சொல்லப் போறீங்களா பாய்?" என்று கேட்டு, வண்டியை விட்டுப் போனாள்.

சாதுல்லா ஓர் இங்கிலீஷ் கப்பைப் போட்டுப் பார்த்தார். ஏறவில்லை. பருமன் துளி வேறு. மரையும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. இங்கிலீஷ் வண்டியில் வலப்பக்கத்து மரை மட்டும் தலைகீழாகத் திரும்பும். துரைமார் கிறுக்கு என்றே இருபது வருஷமாக நினைத்திருந்தார். அடித்து ஏற்றிவிடலாம் என்று சுத்தியலை எடுத்தார்.

பக்கத்தில் மனைவி ஜரினா பித்தளை வளையல்களைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பெரிய வளையலுக்குள் மகளின் சின்ன வளையல் கிடந்தது. ஏதோ யோசனையில் அதன் உள்விளிம்பை விரலால் அழுத்தி வட்டமாகத் தள்ளினாள். விரல் வலப்பக்கம் சுற்றியது. சின்ன வளையலில் ஒட்டியிருந்த புளித் திப்பியோ மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது.

"இன்னொரு வாட்டி சுத்து" என்றார் சாதுல்லா.

சுற்றினாள். விரல் முன்னால் போக, வளையல் பின்னால் வந்தது.

சாதுல்லா வளையலையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பெரிய வளையல் வண்டிக் குழாய், சின்னது கப்பு, விரல்தான் மிதி. மிதிக்க மிதிக்கக் கப்பு பின்னால் நகரும். பிரெஞ்சு மரை அந்தப் பக்கம் திரும்பினால் கழலும். தலைகீழான இங்கிலீஷ் மரையோ இறுகும்.

"மிதிக்கிற மிதியே முடுக்குற மாதிரி எவனோ ஒருத்தன் யோசிச்சிக்கீறான் ஜரினா. இருபது வருசமா என் கையிலயே கீது, எனக்குத் தெரியல."

சுத்தியலைக் கீழே போட்டார். பழைய கப்பின் மரையிலேயே சணல் சுற்றி, பிடிப்புக்குச் செந்தூரப் பசை தடவி, ஸ்பானரில் நீளக் குழாயைச் செருகி முழு பலத்தோடு முடுக்கினார்.

தாட்சாயிணி வந்ததும், "குத்தம் உங்க மேல இல்லம்மா. நான்தான் தப்பா சொல்லிட்டேன். மாசம் ஒருக்கா கொண்டாங்க, முடுக்கித் தரேன்" என்றார்.

"இத அண்ணனுக்கு எழுதிக் குடுங்க பாய்."

எழுதினால் யார் நம்புவார்? இரண்டு வளையல்களையும் பொட்டலம் கட்டி, எது குழாய், எது கப்பு, எப்படிச் சுற்றுவது என்பதை மட்டும் எழுதி அனுப்பினார்.

பத்து நாளில் பதில் வந்தது. 'சைக்கிள் தங்கையிடமே இருக்கட்டும். வளையல்களை மட்டும் இன்னும் இரண்டு நாள் வைத்துக்கொள்கிறேன். ஆபீஸில் எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள்.'